சந்திரகலா கடையில் விமானச் சண்டை

ஜோதியம்மாளின் இடது கண்மேல் கறுப்புத் துணி மறைப்பை வைத்து, எலாஸ்டிக்கைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டு, கையில் வீடியோ கேம் ரிமோட்டைத் திணிக்கிறார் சந்திரகலா. ஜோதியம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்.

"இன்னாம்மா இது, பசங்க வெளாடறதக் குடுக்கற?"

"வெளாடுங்க, சொல்றேன். மேலேர்ந்து ஏரோப்ளேன் வந்தா சுடுங்க. வெள்ளைப் புள்ளி வந்தா ஒதுங்குங்க. அவ்ளோதான்."

ஜோதியம்மாள் சுடுகிறார். சந்திரகலா டிவி பக்கமே திரும்புவதில்லை. ஆடுகிறவரின் முகத்தைத்தான் பார்க்கிறார். கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, புருவம் எப்போது சுருங்குகிறது, குண்டு வந்து விழுந்த பிறகுதான் விரல் நகர்கிறதா. பிறகு மறைப்பை அடுத்த கண்ணுக்கு மாற்றுகிறார். இரண்டு மூன்று ஆட்டத்துக்குள் எந்தக் கண் மக்கர் பண்ணுகிறது என்று பிடிபட்டுவிடும். அதோடு அவர் வேலை சரி. பவர் எழுத டாக்டரிடம் அனுப்பிவிடுவார்.

திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் இருக்கும் அவருடைய கண்ணாடிக் கடையில் எழுத்து அட்டையும் தொங்காமல் இல்லை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், முன்னால் நின்றவன் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் அட்டையைக் கண்டாலே கூசிப்போய், "எல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்று எழுந்துவிடுவார்கள். தொண்ணூற்று நாலில் லென்ஸ் வாங்கச் சென்னைக்குப் போனவர், பர்மா பஜாரில் இந்த வீடியோ கேம் பெட்டியைப் பேரம் பேசி வாங்கிவந்தார். விமானத்தைச் சுட யாருக்கும் எழுத்து தெரிய வேண்டியதில்லை.

சந்திரகலாவின் ஒரு குணத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். இரண்டு பேர் ஆடினால் இரண்டு விமானம் பக்கத்தில் பக்கத்தில் பறக்கும். எது கடைசிவரை தப்பிக்கிறதோ அதற்கு வெற்றி. கண்ணைப் பார்த்து முடித்ததும் சந்திரகலா இன்னொரு ரிமோட்டை எடுத்துக்கொண்டு வந்தவரோடு மோதுவார். ஐம்பதை நெருங்கும் அம்மாள். ஏழு வயதுப் பெண்ணிடம்கூடத் தோற்க மனம் வராது. "சும்மா ஜெயிக்க உட்டா அதுக்கு இன்னா மரியாத?" என்பார்.

அவரை மிஞ்ச ஒரே ஆள் கணவர் தருமன். கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் ஓட்டுகிறவர். சாயங்கால டிரிப்புக்கு முன்னால் கடையில் உட்கார்ந்து ஒரு கை பார்ப்பார். டீ ஆறுவதற்குள் மனைவியின் விமானம் கதை முடிந்துவிடும். அப்படிப்பட்டவர் போன ஆடியில் தோற்க ஆரம்பித்தார்.

"பட்டன் போயிடுச்சி கலா. அமுக்கனா நின்னுக்குது."

சந்திரகலாவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்ப் பூக்கடைத் தனத்திடம் தினமும் அன்றைய வெற்றியைச் சொல்லி அந்தம்மாவைப் பாடாய்ப் படுத்தினார். கணவர் குறை சொல்லக் கூடாதென்று புது ரிமோட்டே வாங்கிப்போட்டார், அதிலும் ஜெயித்தார். ஊரார் கண்ணையெல்லாம் முகத்தைப் பார்த்தே பிடிக்கிற மனுஷி, ஜெயிக்கிற ஜோரில் பக்கத்திலிருந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஒரு சாயங்காலம் தருமன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "இப்பல்லாம் எதுர வர்றவன் லைட்ட ஜாஸ்தி போட்டுக்கினு வரான். ரோடே தெரியறதில்ல" என்றார். சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்தார். சந்திரகலா அன்றைக்கு ஆடவில்லை, பார்த்தார். பெரிய விமானங்களைத் தருமன் ஒழுங்காகத்தான் சுட்டார். வெள்ளைப் புள்ளிகள் மட்டும் வந்து விழும்வரை விரல் அசையவில்லை. பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. கிரிவலம் வருகிற கூட்டம் இருட்டில்தான் அந்த வேனில் ஏறும்.

மேசைமேல் கிடந்த வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கண்ணுல புரைங்க. பட்டன்மேல பழி போட்டது போதும்."

"முப்பது வருஷமா ஓட்டறேன். கண்ண மூடிக்கினே போவேன்."

"இப்ப அதத்தான் செய்யறீங்க."

தருமனின் முகம் தொங்கிப்போனது. கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயம் ஒரு பக்கம்; அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே முடியாமல் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. "வேன உட்டுட்டு நான் இன்னா பண்ணுவேன் கலா?" என்றார். சந்திரகலா சாவியைத் தரவில்லை.

வேனுக்கு ஆதிமூலம் என்ற டிரைவரை வைத்துவிட்டு, வேலூருக்குப் போய் தருமனின் இடது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் செய்துவிட்டு வந்தார்கள். அது தெளிந்தால் வலதையும் செய்துவிடலாம், பிறகு வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொட்டு மருந்து நிறுத்தி, போன வாரம்தான் தருமன் புதுக் கண்ணாடியோடு கடைக்கு வந்து உட்கார்ந்தார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆனால் புருஷன் பெண்டாட்டி இருவருமே அதை முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு ரிமோட்டை எடுத்தார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் சந்திரகலா தன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, தருமனின் கண்ணாடியில், இன்னும் ஆபரேஷன் ஆகாத வலது பக்கத்தை உள்ளங்கையால் மூடினார்.

"இப்ப ஆடுங்க, பாக்கலாம்."

வெள்ளைப் புள்ளிகள் கூட்டமாக இறங்கின. தருமன் ஒன்றிலிருந்து ஒதுங்கினார். அடுத்ததிலிருந்தும் ஒதுங்கினார். இரண்டுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்தார்.

"தெரியுது கலா," என்றார். "எள்ளு எள்ளா தெரியுது."

"பேசாம சுடுங்க."

பக்கத்தில் ஆளில்லாமல் பறந்துகொண்டிருந்த சந்திரகலாவின் விமானம் குண்டு பட்டு வெடித்தது. அவர் கையை எடுக்கவில்லை.