பவர் இல்லை என்று போன தந்தி

நான் தென்காசியில் தந்தி குமாஸ்தாவாக இருந்த நாளில், நோயாளியைப் பற்றிய தந்திக்கு இங்கிலீஷில் சில வார்த்தைகள்தான் புழக்கத்தில் இருந்தன. ‘வீக்’ என்றால் காய்ச்சல் விட்டு எழுந்தவனும் வீக்தான், யாரும் மூட்டை கட்ட மாட்டார்கள். ‘ஃபீபிள்’ என்றால் வயதாகித் தள்ளாடுகிறார், அடுத்த லீவுக்கு வந்தால் போதும். ‘சீரியஸ்’ என்றால் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். எந்த வார்த்தைக்கு யார் கிளம்புவார்கள் என்பதைக் கவுண்டரில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

ஒரு ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன். மெட்ராஸ்காரர்கள் ரூமுக்கும் ரயிலுக்கும் தந்தி அடிக்க வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் மைதீன் பாய் வந்தார். தறிக்காரர். தம்பி காதர் கொழும்பில் அவர்களுடைய கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், வாப்பா விழுந்துட்டாரு. ஒரு பக்கம் கை காலு வரல, பேச்சும் இல்ல. தம்பிக்குத் தந்தி அடிக்கணும்.”

“சீரியஸ்னு போட்டுருவோம் பாய்.”

“ஐயோ, வேண்டாம். சீரியஸ்னா அங்கன மவுத்து, உசுரே போயிருச்சுன்னு நெனச்சுருவாங்க. தம்பி பொஞ்சாதி நெறமாசமா இருக்கா.”

“அப்போ வீக்குன்னு போடவா?”

“வீக்குன்னா அவன் டானிக் வாங்கி அனுப்புவான். சீசனுக்கு வந்த மெட்ராஸ் டாக்டரக் கூட்டிட்டு வந்து காட்டுனோம். அவரு, கை கால்ல பவர் இல்லன்னு சொல்லுதாரு. அந்த வார்த்தையையே போடுங்க.”

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. தசையின் வலுவை அவர்கள் பவர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஆளைப் பற்றி எழுதினால் அது வேறு. “பவர்னா அதிகாரம்னும் அர்த்தம் வரும் பாய். ஸ்ட்ரெந்த்னு போடலாம்” என்றேன்.

“பெரிய டாக்டரு தப்பாவா சொல்லுவாரு?” என்றார். கண் கலங்கியிருந்தது. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். ‘ஃபாதர் நோ பவர் கம்’ என்று எழுதினேன், கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட ஃபாரத்தில் ஒரு எழுத்தைக்கூட நாங்கள் மாற்றக் கூடாது. அப்படியே அடித்தேன்.

கொழும்பிலிருந்து வந்த பதிலையும் நான்தான் எடுத்தேன். ‘வில் கம் லேட்டர்.’ அதை வாங்கிக்கொண்ட மைதீன் பாய், “வாப்பா சாகக் கெடக்காரு, அப்புறம் வாரேங்கான் பாருங்க சார்” என்றார். மறுபடி அடிக்கச் சொன்னேன். “அவன்ட்ட இன்னொரு மட்டம் கெஞ்ச மாட்டேன்” என்று போய்விட்டார். அடுத்து அவர் வந்தது ‘எக்ஸ்பயர்ட்’ என்று அடிக்கத்தான்.

காதர் கப்பல் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மறுநாள் அண்ணனையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தான். தந்தியைக் கவுண்டரில் போட்டு, “இத எழுதுனது யாரு?” என்றான்.

“நான் சொன்னத்தான் அவரு எழுதுனாரு. அவரத் திட்டாத” என்றார் மைதீன் பாய்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடை வாப்பா பேரில் இருந்தது. அதைத் தன் பேருக்கு மாற்ற, பவர் பத்திரம் எழுதித் தரும்படி காதர் வாப்பாவிடம் கேட்டிருந்தான். மைதீன் பாய்க்கு அது தெரியாது. தந்தியைப் பார்த்ததும், வாப்பா பவர் தர முடியாது என்கிறார், நேரில் வந்து பேசச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டான்.

“கோவத்துல இருந்தேன் சார். கொஞ்ச நாள் போவட்டும், ஆறுன பொறவு போவோம்னு இருந்துட்டேன்.”

மைதீன் பாய் பெஞ்சில் உட்கார்ந்தார். காதர் அவர் பக்கத்தில் போய் நின்று கேட்டான்: “அண்ணே, வாப்பா என்னையக் கேட்டாரா?”

“பேச்சு ஏதுலே அவருக்கு? யாரு உள்ள வந்தாலும் திரும்பிப் பாப்பாரு. பாத்துட்டு கண்ண மூடிக்கிடுவாரு.”

இரண்டு பேரும் அங்கேயே அழுதார்கள். வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை.

எனக்குப் பின்னால் இந்த வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வார்த்தைக்கு அகராதியில் இருக்கிற அர்த்தம் எனக்கு அப்போதே தெரியும். வாசிக்கிறவன் மனதில் எது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அதற்கப்புறம் நோய்த் தந்தி எழுத யார் வந்தாலும், “அங்கன வாசிக்கப் போறவரு ஒங்களுக்கு யாரு? ஒங்களுக்குள்ள ஏதும் பேச்சு நடக்குதா?” என்று கேட்டேன். “எங்க வீட்டு விவகாரம் ஒமக்கு எதுக்குவே?” என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஆனாலும் கேட்டேன்.