டீசல் அக்கா

சாந்தாமணிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஆவாரம்பாளையத்தில் ஒரு வெட்கிரைண்டர் கம்பெனியில், கிரைண்டர்களை ஓட்டிப் பார்க்கிற பகுதியில் பன்னிரண்டு வருசம் வேலை பார்த்தவள். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்தாலும் இறங்கவில்லை. சிங்காநல்லூரில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில், அடுப்படியிலிருந்து அவள் "ஏனுங்க" என்றால் தெருமுக்கில் கார் துடைத்துக்கொண்டிருக்கும் தனபாலுக்குக் கேட்கும். அவனும் அங்கிருந்தே "வாரேன்" என்பான். பெரும்பாலும் போகமாட்டான்.

சித்திரையில் ஒரு நாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் வைத்தபடியே அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

தனபால் அழவில்லை. மின்மயானத்தில் சுவரில் எழுதியிருந்த 'செருப்பை வெளியே விடவும்' என்பதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றான். பங்காளிகள் முதுகில் கை வைத்து, "அழுதுபோடு தனபாலு, உள்ள வெச்சுக்காத" என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. காரியம் முடிந்த மறுநாளே சவாரிக்குக் காரை எடுத்தான். ஏர்போர்ட், காந்திபுரம், பழனி, மறுபடி ஏர்போர்ட். சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் தெரியவில்லை. பின்சீட்டில் ஏறுகிறவர்கள் பேசினால் பதில் சொன்னான். பேசாவிட்டால் இன்னும் நல்லது.

மகள் அக்ஷயாதான் தேட ஆரம்பித்தாள். பிளஸ் டூ படிக்கிறவள். அம்மாவின் போட்டோ நூற்றுக்கணக்கில் இருந்தது. குரல் ஒன்றுகூட இல்லை. சாந்தாமணி மிஸ்டுகால் கொடுக்கிற ஆள், கூப்பிட்டால் பேசுவாள். வாட்ஸப்பில் வாய்ஸ் அனுப்பு என்று மகள் சொல்லிக்கொடுத்தபோது, "எனக்கெதுக்கு சாமி மைக்கு? நான் பேசுனா ரேஷன் கடை வரைக்கும் கேக்குது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோக்களை வாங்கிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அவள் வாயசைத்தாள். மேலே வேறு யாரோ சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். வளைகாப்பு வீடியோவில் நாகசுரம்.

ஒரு நாள் சாப்பிடும்போது அக்ஷயா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ப்பா, அம்மா என்ன பேசுவாங்கன்னு ஞாபகம் இருக்குது. எப்புடிப் பேசுவாங்கங்கறது மறந்துட்டே வருது."

தனபால் ரசத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ஐப்பசியில் ஷாநவாஸ் கூப்பிட்டார். கோட்டைமேட்டில் துணிக்கடை வைத்திருக்கிறவர், ரயில் பைத்தியம். விட்ட நேரமெல்லாம் தண்டவாளத்து ஓரம் கேமராவோடு நின்று, எடுத்ததை யூடியூபில் போடுவார்.

"ஞாயித்துக்கிழமை பழைய கரி எஞ்சின் வருதுங்ணா. மெயின் லைன்லயே ஈரோடு வரைக்கும் ஓட்டறாங்க. நம்ம வண்டிய எடுத்துக்கலாங்களா?"

"எடுத்துக்கலாங்க பாய்."

போனை வைத்த பிறகுதான் தனபாலுக்கு அது ஞாபகம் வந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு நீராவி ரயிலைத் துரத்தியபோது சாந்தாமணியும் கூட வந்திருந்தாள். கம்பெனி லீவு, எங்கேயும் கூட்டிப்போவதே இல்லை என்ற புகார், முன்சீட்டும் காலி. ஷாநவாஸ்தான், "அக்காவயும் கூட்டிட்டு வாங்ணா, டூர் மாதிரி இருக்கும்" என்றார். கூப்பிட்டதற்குப் பிறகு வருத்தப்பட்டிருப்பார்.

ரயிலைத் துரத்துகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. ரயிலுக்கு முன்னால் ஓடி ஓர் இடத்தில் நிற்பார்கள். காரைத் திரும்பிப் போகிற திசைக்கு நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கதவைச் சாத்தாமல் விட வேண்டும். சாத்துகிற சத்தம் பதிவாகிவிடும். போனை அணைத்துவிட வேண்டும். விசில் தூரத்தில் கேட்டதிலிருந்து, கடைசிப் பெட்டியின் சத்தம் காதுக்கு மறைகிறவரை ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. மறைந்ததும் ஓடிவந்து ஏறி, ரயிலை முந்திக்கொண்டு அடுத்த இடத்துக்குப் பறக்க வேண்டும். யாராவது இருமினாலும் அந்த ஷாட் கெட்டது. கெட்ட ஷாட்டை ஷாநவாஸ் அங்கேயே அழித்துவிடுவார். அது அவர் பழக்கம்.

அன்று வஞ்சிபாளையம் தாண்டி ஒரு வளைவில் நின்றார்கள். கரும்புகையோடு எஞ்சின் வந்தது, நாலு பெட்டி போனது, கடைசியில் ஒரு டீசல் எஞ்சின் ஒட்டிக்கொண்டு வந்தது. வழியில் கரி எஞ்சின் படுத்துவிட்டால் தள்ளுவதற்கு அப்படி ஒன்றைக் கட்டி அனுப்புவார்கள். ரயில் பைத்தியங்களுக்கு அது ஒரு மானப் பிரச்சினை. அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். அந்த நிசப்தத்தில் சாந்தாமணி தன் இயல்பான குரலில் கேட்டாள்: "ஏனுங்க, பொறகால இருக்கறதுதான் தள்ளுதாட்ட இருக்குது. இதுக்கா இத்தன தூரம் வந்தோம்?"

ஷாநவாஸ் முகம் சுருங்கிவிட்டது. கேமராவில் ஏதோ அமுக்கினார். என்ன அமுக்கினார் என்பதுதான் இப்போது தனபாலுக்குத் தெரிய வேண்டும்.

அக்ஷயாவிடம் அவன் சொல்லவில்லை. அந்த வீடியோ இருந்தால் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஷாநவாஸ் உக்கடத்தில் ஏறினார். பீளமேட்டில் நிதீஷ் ஏறினான். ஐடி கம்பெனியில் வேலை, போன தடவையும் வந்திருந்தவன்.

ஏறியதும் ஷாநவாஸ் கேட்டார், "அக்கா வரலீங்களா?"

"இல்லீங்க. வரல."

"போன தடவ பட்டது போதும்னுட்டாங்களாட்ட இருக்குது," என்றான் நிதீஷ். இரண்டு பேரும் சிரித்தார்கள். தனபால் கியர் மாற்றினான். சொல்வதற்கு ஒரு இடம் இருந்தது, அதைத் தாண்டியாயிற்று. அடுத்த இடம் எங்கே என்று தெரியவில்லை.

முதலில் இருகூருக்குப் பக்கம் நின்றார்கள். விசில் கேட்டது. புகை தெரிந்தது. நிதீஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து, இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வந்தது. ஒரே நிறம், ஒரே மாதிரிப் பெட்டிகள், முடிவே இல்லாமல். கரி எஞ்சின் அதற்குப் பின்னால் எங்கேயோ போனது. மேலே கொஞ்சம் புகை மட்டும் நகர்ந்தது. கூட்ஸ் முடிந்தபோது அங்கே வெறும் வானம்.

நிதீஷ் குரலை உயர்த்தி, தலையைச் சாய்த்து, "ஏனுங்க, இதுக்கா இத்தன தூரம் வந்தோம்?" என்றான்.

ஷாநவாஸ் சிரித்தேவிட்டார். "எங்க குரூப்புல இப்ப இதுதாங்ணா டயலாக்கு. ஷாட்டு போச்சுன்னா அவ்வளவுதான், டீசல் அக்கா மாதிரி ஒருத்தன் ஆரம்பிச்சுருவான். பாலக்காட்டுப் பசங்ககூடச் சொல்றாங்க. அக்காகிட்டச் சொல்லீருங்க, அவங்கதான் எங்களுக்கு ஸ்டார்."

"சரிங்க," என்றான் தனபால்.

அவள் போய்ச்சேர்ந்தது தெரியாமல், அவளைப் பார்த்தே இராதவர்கள் வாயில் அவள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. நிதீஷின் 'ஏனுங்க' கொஞ்சம் மெல்லிசாக இருக்கிறது என்று மட்டும் பட்டது.

சோமனூர் வழியாக விரட்டினான். சந்தில் ஒரு லாரி, விசைத்தறிப் பாவு ஏற்றிய டெம்போ, எல்லாவற்றையும் ஒதுக்கி வஞ்சிபாளையம் போய்ச் சேர்ந்தபோது ரயில் இன்னும் வரவில்லை. அதே வளைவு. அதே வேப்பமரம். காரைத் திருப்பி நிறுத்தினான், அணைத்தான், கதவைத் திறந்தே விட்டான். சாந்தாமணி நின்ற இடத்தில் இப்போது தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய சிமெண்டு ஸ்லீப்பர் கட்டை ஒன்று கிடந்தது. அதன் ஓரமாக நின்றான்.

"இது ஒண்ணுதாங்ணா இன்னைக்கு நம்ம நம்பறது," என்று ஷாநவாஸ் மெதுவாகச் சொல்லிவிட்டு, முக்காலியில் கேமராவைப் பொருத்தினார். "வெளிச்சமும் நல்லா இருக்குது."

விசில் கேட்டது. எல்லோர் வாயும் மூடிக்கொண்டது.

எஞ்சின் வளைவில் திரும்பி வந்தது. கறுப்பாக, பெரிதாக, மூச்சு வாங்கிக்கொண்டு. தரை லேசாக நடுங்கியது. ஜன்னல்களில் ஆட்கள் கையாட்டினார்கள். பெட்டிகள் போயின. தனபால் எல்லாவற்றையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டீசல் வந்தது. அதே இடத்துக்கு வந்தது. அவள் பேசிய இடம். நிசப்தம். அந்த இடம் காலியாகவே இருந்தது. அவனால் அதைத் தாங்க முடியவில்லையா, இல்லை வெறுமனே நிரப்பினானா, பிற்பாடு யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

"பாய்," என்றான், சாதாரணமாக. "எங்கூட்டுக்காரி தவறிப்போச்சுங்க. அன்னைக்கு அது பேசுன வீடியோ இருக்குதுங்களா, அழிச்சுப்போட்டீங்களா?"

நிதீஷின் கை தாழ்ந்தது. ஷாநவாஸ் திரும்பவில்லை. சத்தம் மறைகிறவரை கேமராவை அசைக்கக்கூடாது என்ற பழக்கம் அவரை அப்படியே நிறுத்தி வைத்திருந்தது. டீசலின் உறுமல் திருப்பூர்ப் பக்கம் தேய்ந்துகொண்டே போயிற்று. இவ்வளவு நேரம் எடுக்கும் என்று தனபால் கவனித்ததில்லை. கடைசியில் தண்டவாளம் மட்டும் கொஞ்சம் சொடக்கிட்டது. அதுவும் நின்றது.

அவர் கேமராவை அணைத்தார்.

தனபாலின் கால் தானாகக் காரை நோக்கிப் போனது. உட்கார்ந்து சாவியைத் திருகினான். "ஏறுங்க பாய். ஊத்துக்குளில புடிச்சரலாம்."

"வண்டி போகட்டும்ங்ணா," என்றார் ஷாநவாஸ். வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அது சாந்தாமணி உட்கார்ந்து வந்த சீட்டு. "எப்பங்ணா?"

"சித்திரைல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லோணும்னுதான் இருந்துச்சுங்க."

ஷாநவாஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "இருக்குதுங்ணா. நான் கெட்டதெல்லாம் அழிச்சுருவேன். அதுல முன்பாதி நல்லா வந்திருந்துச்சு, புகை அப்படி. அதனால பின்னாடிய வெட்டிட்டு முன்னாடிய மட்டும் போட்டேன். முழுசு ஹார்டு டிஸ்க்குல கிடக்குது. வேற காரணமெல்லாம் இல்லீங்ணா," என்றார், ஏதோ தப்புச் செய்தவர் போல.

"இருந்தாச் சரிங்க."

திரும்பி வரும் வழியில் சூலூர் பிரிவு தாண்டியதும் நிதீஷ், "அண்ணா, காலைல நான் பண்ணுனது..." என்று ஆரம்பித்தான்.

"நல்லாத்தான் பேசுன கண்ணு. அது அப்படியேதான் பேசும்." தனபால் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். "சத்தம் மட்டும் கொஞ்சம் பத்தல."

கோட்டைமேட்டில் ஷாநவாஸ் மாடி ஏறிப் போய் வெகுநேரம் கழித்து வந்தார். தனபாலின் போனுக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். "இங்கயே ஒருக்கா பாக்கறீங்களாண்ணா? உள்ள வாங்க, டீ போடச் சொல்லியிருக்கேன்."

"ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கறேங்க பாய்."

"இன்னைக்கு எடுத்ததயும் நான் அழிக்க மாட்டேன்," என்றார் அவர். எதற்கு அதைச் சொல்கிறார் என்று தனபாலுக்கு உடனே விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

வீட்டில் அக்ஷயா படித்துக்கொண்டிருந்தாள். போனை அவள் நோட்டின் மேல் வைத்தான். "பாய் அனுப்பியிருக்கறாரு. ரயிலு வீடியோ. கடைசில அம்மா பேசறா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். போனை இரண்டு கையாலும் எடுத்தாள்.

அவன் உட்காரவில்லை. மூஞ்சி கழுவிட்டு வாரேன் என்று முனகிவிட்டுப் பின்பக்கம் போனான். குழாய்த் தண்ணீரில் காலையிலிருந்து ஒட்டியிருந்த கரித்தூள் கரைந்து ஓடியது. உள்ளே விசில் கேட்டது. பிறகு எஞ்சின், பெட்டிகள். போன் ஸ்பீக்கரில் எல்லாம் தகரம் தட்டுகிற மாதிரி ஒலித்தது. அவன் சோப்பைத் தேடி எடுத்து முகத்தில் போட்டான். எஞ்சின் சத்தம் குறைந்தது. அடுப்படிப் பக்கமிருந்து, முழுத் தொண்டையில்,

"ஏனுங்க," என்றாள் சாந்தாமணி.

"வாரேன்," என்றான் தனபால்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. முகத்தில் சோப்பு நுரையோடு நின்றான். உள்ளே அவள் மீதியையும் பேசி முடித்தாள். டீசல் போய்க்கொண்டே இருந்தது. அக்ஷயா அதை நிறுத்தவில்லை. அவன் குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு, இந்தத் தடவை உள்ளே போனான்.