தண்ணி கொடுக்கும் வீடு

ஜப்பான்காரன் வந்து கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த பிறகு, எது எந்த வேளை என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று. டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாயாவில் எங்கள் கெடாவிலும் மணி என்று உத்தரவு. எங்கள் ரப்பர் தோட்டத்துக் கள்ளுக்கடை நான்கு மணிக்குத் திறக்கும். நான்கு ஆகிவிட்டது என்பார் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி. அண்ணாந்து பார்த்தால் சூரியன் உச்சியை விட்டு இறங்க மனமில்லாமல் நிற்கும். தாகம் எடுப்பதற்கு முன்பே கடை திறந்து, நன்றாகத் தாகம் எடுக்கிற வேளைக்கு மூடிவிடும். இதில் குடிகாரன் படுகிற அவஸ்தையை, முசிறிப் பக்கம் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நான் குடிகாரன். இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். பழக்கம் ஊரில், முசிறியில் தொடங்கியது. ரப்பர் பால்மரம் வெட்டக் கப்பலேறினால் அது தன்னால் விட்டுப்போகும் என்று நினைத்தேன். அதுவோ சீட்டு வாங்காமலே அதே கப்பலில் வந்து சேர்ந்தது. சண்டைக்கு முன் கடைசியாக வந்த கடிதத்தில் என் மனைவி செல்லாயி, தபால்காரரிடம் சொல்லி இரண்டே வரி எழுதியிருந்தாள். குடியை விட்டால் வா, விடாவிட்டால் வராதே. அதன்பிறகு கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை.

என் அறையில் இருந்த சுப்பன் ஒருநாள் கடைவாசலில் மயங்கிக் கிடந்தான். போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வந்த லாரியில் அவனை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் பத்தடி தள்ளி வேலிக்குப் பின்னால் கிடந்தேன், அதனால் தப்பித்தேன். பயத்தில் கடைப்பக்கம் போவதை நிறுத்தினேனே தவிர குடியை நிறுத்தவில்லை. வேறு இடம் தேடினேன். புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் அருளம்மா என்கிற கிறிஸ்தவ வேதக்காரப் பெண், கள்ளுக்கடை திறந்திருக்கிற நேரத்தில் தன் வீட்டில் சும்மாவே தண்ணி கொடுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். குடிகாரனிடம் தண்ணி என்று சொன்னால் அவனுக்கு என்ன தோன்றும் என்று உங்களுக்குத் தெரியும். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீடு. வாசலில் மூன்று பேர் குந்தி மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். அருளம்மா அக்கா ஒரு பெரிய குவளையை நீட்டினார். ஒரே மூச்சில் குடித்தேன். கிணற்றுத் தண்ணீர்.

"என்னக்கா இது?"

"தண்ணி, தம்பி. இன்னும் வேணுமா?"

"தண்ணி குடுக்கறதா சொன்னாங்களே."

"குடுத்தேனே."

குந்தியிருந்த மூவரும் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவரான பெரியண்ணன், "நானும் இப்படித்தான் ஏமாந்து வந்தேன். உக்காருலா. கடை மூடற வரைக்கும் இங்கயே இருக்கணும், அவ்வளவுதான்," என்றார்.

அக்காவின் கணவர், சம்சு என்கிற நாட்டுச் சாராயம் குடித்தே செத்தவராம். கடை திறந்திருக்கிற நேரத்தில் குடிகாரனைத் தனியாக விடக்கூடாது என்பது அக்கா கண்ட வைத்தியம். வேதத்தில் சேர்க்கப் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் ஜெபம் எதுவும் நடக்கவில்லை. இது சங்கமா, சபையா, வெறும் கிழங்கு உரிக்கிற இடமா என்று எனக்கு விளங்கவே இல்லை. நினைப்பெல்லாம் கடையில் இருந்ததில் அன்று கிழங்கைவிட என் விரலைத்தான் அதிகம் சீவினேன். ஆனாலும் மறுநாள் போனேன். என் நாக்கு பழைய மணிப்படிதான் வறண்டது. கடை மூடி மற்றவர்கள் எழுந்து போன பிறகும் நான் உட்கார்ந்திருப்பேன். அக்கா போகச் சொன்னதில்லை.

ஒருநாள் யான் என்கிற ஊரிலிருந்து மாற்றலாகி வந்த மலாய்ப் போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தி, "புவாட் அப்பா சினி?" என்று கேட்டார். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று அர்த்தம். நாலு பேர் கூடினால் அடி விழுகிற காலம். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "தா மினும், துவான்," என்றேன். குடிக்கவில்லை ஐயா என்று சொன்னதாக என் நினைப்பு. கூடி உட்கார்ந்து குடிக்காமல் இருக்கிறோம் என்றால் அது எந்தப் பாஷையில் யாருக்குப் புரியும்? அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். குடிக்க எதுவும் கிடைக்காத ஜனங்கள் என்று எடுத்துக்கொண்டார் போலும். மறுநாள் நான்கு இளநீரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். தென்னையைப் பார்த்தாலே கள் நினைப்பு வருகிற எங்களுக்கு இளநீர். பெரியண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மாதங்கள் போயின. நான் குடிக்கவில்லை. அதைச் செல்லாயியிடம் சொல்லத்தான் வழியில்லை. அவள் நினைப்பில், முசிறியில் இருக்கிற நான் இன்னும் குடித்துவிட்டு வாய்க்காலில் கிடக்கிறவன். அவனை அவள் தினமும் திட்டிக்கொண்டிருப்பாள். இங்கே நான் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன். இதில் எவன் நான் என்று நினைத்து நினைத்துத் தலை சுற்றும். சில நாள் அழுதிருக்கிறேன்.

சண்டை முடிந்து தபால் ஓடத் தொடங்கியதும், விட்டுவிட்டேன் என்று எழுதினேன். உடனே வா என்று பதில் வந்தது. பினாங்குக்குப் போய்க் கப்பல் சீட்டு வாங்க வரிசையில் நின்றேன். ஊரில் இறங்கிய முதல் நாள் மாலை யார் வீட்டில் போய் உட்காருவேன் என்று யோசித்தேன். ஒரு வீடும் நினைவுக்கு வரவில்லை. கள்ளுக்கடைக்குப் போகிற வழி மட்டும் வாய்க்கால் பாலத்தோடு தெளிவாகத் தெரிந்தது. பயமாக இருந்தது. வரிசையை விட்டு விலகி, அடுத்த படகும் பஸ்ஸும் பிடித்துத் தோட்டத்துக்கே திரும்பிவிட்டேன்.

நீ இங்கே வந்துவிடேன் என்று செல்லாயிக்கு எழுதினேன். அதற்கு வந்த பதில் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. "நான் எதுக்கு அங்க வரணும்? நான்தான் எங்கயும் போகலையே," என்று கேட்டிருக்கிறாள்.