தண்ணீரிலிருந்து வந்த மயில்தோகை

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் தடித்த பைபிள் ஒன்றைத் திறந்தேன். அட்டையின் உட்புறத்தில் நீலமும் சிவப்பும் அலையலையாகச் சுழலும் கடதாசி ஒட்டியிருந்தது. எப்போதோ முகர்ந்த பெயின்ற் மணம் என் மூக்கில் ஏறியது.

கொக்குவில் வீட்டில் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது எனக்கு ஏழு வயது. காய்ச்சல் விட்ட பிறகும் நான் நடக்கவில்லை. பிடித்து நிறுத்தினால் பயத்தில் அழுவேன். ஒருநாள் வாசல் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய இரண்டு மூன்று நிறப் பெயின்றோடு அப்பா என் அறைக்கு வந்தார். தண்ணீர் நிறைந்த பேசின் பாத்திரத்தை என் கட்டிலருகே நிலத்தில் வைத்து, மண்ணெண்ணெய் கலந்த பெயின்றைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நிறங்கள் கரையாமல் மிதந்தன. தென்னை ஈர்க்கால் மெல்லக் கோடிழுத்தார்.

“என்னப்பா செய்யிறியள்?”

“பொறு, பார்.”

வெள்ளைக் கடதாசி ஒன்றைத் தண்ணீரின் மேல் படியவிட்டுத் தூக்கினார். மயில்தோகை ஒன்று அப்படியே கடதாசியில் ஏறியிருந்தது. தண்ணீர் வெறுமையாகக் கிடந்தது.

“தண்ணியிலை இருந்ததெல்லாம் எங்கை போச்சு?” என்று கத்தியபடி பேசினுக்குள் எட்டிப் பார்த்தேன்.

வாசலில் நின்ற அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்:

“இஞ்சேருங்கோ, பிள்ளை எழும்பி நிக்கிறாள்.”

அப்போதுதான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன்.