இடப்பக்கத்து ஸ்டியறிங்

அப்பா அந்த அமெரிக்கக் காரை அம்மாவைக் கேட்காமல் வாங்கினார். அதைக்கூட அம்மா பொறுத்திருப்பார். அதற்காகப் பால்மாடுகள் இரண்டையும் விற்றதும் அவரைக் கேட்காமல்தான்.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு, வவுனியாவில் ஒரு கராஜின் பின்பக்கம் கிடந்ததாம். எழுபதுகளில் செய்த ஸ்டேசன் வாகன். எந்தத் துரை கப்பலில் கொண்டுவந்து கைவிட்டுப் போனாரோ தெரியாது. தர்மபுரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழைந்தபோது மூஞ்சி எங்கள் வாசல் படலையிலும் வால் அடுத்த வீட்டுப் படலையிலும் நின்றது. பக்கங்களில் மரப்பலகை மாதிரி ஒட்டியிருந்த படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "இதுக்குக் கறையான் பிடிக்காதோ?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொண்ட புருசனும் பெண்சாதியும் பேசாமலே குடும்பம் நடத்த எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. இடையில் ஒரு பிள்ளை நின்று செய்தி கடத்த வேண்டும். "கொப்பரிட்டச் சொல்லு, சோறு போட்டிருக்கெண்டு" என்பார் அம்மா, கொப்பர் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போதே. நானும் சொல்லுவேன். அம்மாவின் கழுத்தளவு வளர்ந்தும் கடைக்குட்டிக்கு விடுதலை இல்லை.

இந்த லட்சணத்தில் அக்காவின் கலியாணம் வந்தது. அவளுக்கு ஒரே பயம்.

"கன்னிகாதானம் குடுக்கேக்க ரெண்டு பேரும் ஒண்டா நிக்கோணும். அப்பவும் நீதான் நடுவில நிண்டு சொல்லப்போறியோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

கிளிநொச்சிக் கோயிலுக்கு அந்தக் காரில்தான் போனோம். அக்காவின் கூறைச்சேலை கசங்காமல் அடங்க வேறு வாகனம் இல்லை என்பதால் அம்மாவும் முன் இருக்கையில் ஏறினார். நடு இருக்கை முழுவதும் அக்கா. கடைசி இருக்கை பின்கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கும். அதில் நானும் பலகாரத் தட்டங்களும்.

ஸ்டியறிங் இடப்பக்கம் இருந்தது. நாங்களோ ரோட்டின் இடப்பக்கமாக ஓடுகிறவர்கள். ஆகவே அப்பாவுக்கு வேலியும் வாய்க்காலும் துல்லியமாகத் தெரியும், எதிரே வருவது தெரியாது. எதையாவது முந்துவதென்றால் வலப்பக்கம் இருக்கும் அம்மாதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பரந்தனுக்குக் கொஞ்சம் முன்னால் உமி மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"கொம்மாட்டக் கேள், முந்தலாமோ எண்டு" என்றார் அப்பா. கேட்டேன்.

"ஒண்டும் வரேல்லை, போகலாமெண்டு சொல்லு" என்றார் அம்மா.

அது அப்பாவின் காதில் விழாமலில்லை. ஆனாலும் நான் சொல்லும்வரை காத்திருந்தார். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? நானோ கடந்துவந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். வாயில் கிடந்த பலகாரத்தை விழுங்கிவிட்டு அவசரப்படாமல் ஆறுதலாகச் சொன்னேன். அவ்வளவு நீளமான கார் வலப்பக்கம் வெளியே வருவதற்குள் எதிரே பஸ் வந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, நில்லுங்கோ" என்று கத்தினார் அம்மா.

அப்பா பிறேக்கை மிதித்தார். தட்டங்கள் எல்லாம் என் மடிக்கு வந்தன. பஸ் ஹோர்ன் அடித்தபடி எங்களை உரசாத குறையாகப் போனது.

திரும்பி முழங்காலில் நின்று பார்த்தேன். அம்மாவின் கை அப்பாவின் தோளைப் பிடித்திருந்தது. மெல்ல எடுத்துக்கொண்டார். டிராக்டர் ஒரு வயலுக்குள் இறங்கிப் போயிற்று. பரந்தன் சந்தி வரைக்கும் ரோட்டு வெறுமையாகக் கிடந்தது, முந்துவதற்கு ஒரு சைக்கிள்கூட இல்லை. அப்பா வேகத்தைக் கூட்டாமல் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப போகலாமோ?"

அம்மா தலையை வெளியே நீட்டி அந்த வெறும் ரோட்டை நன்றாகப் பார்த்தார்.

"ஓம், போங்கோ."

அக்கா விக்கி விக்கி அழுதாள். மை கரையுமே என்று நான் அதட்டவில்லை. சரிந்து கிடந்த தட்டங்களை நிமிர்த்தி அடுக்கினேன்.