முதல் தளத்தருகே ஒரு முக்காலி

வெர்டன் நகரத்துக் கெளுத்திகள் அணியின் பேஸ்பால் மைதானத்தில், பந்தை அடித்தவர் ஓடித் தொடவேண்டிய முதல் தளத்துக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி ஒரு முக்காலி கிடக்கும். பல கோடைகளாக அதில் உட்கார்ந்திருந்தவர் உள்ளூர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரர் டெல்பர்ட் ஹ்ருஸ்கா. கண்ணால் கண்ட எதையும் நம்பாத மனிதர். அதைக் குணக்கேடு என்று சொல்லக்கூடாது, தொழில் தர்மம். மட்டையில் பந்து படுவதைக் கேமராத் துளை வழியே பார்த்துவிட்டால் படம் போச்சு. படம் பதிகிற அந்த நொடியில் உள்ளே கண்ணாடி எழும்பித் துளையை இருட்டாக்கிவிடும். பார்த்தது பதியாது, பதிந்ததைப் பார்த்திருக்க முடியாது. இப்படிப் பிழைப்பவர், மனைவி "சூப்பு சூடா இருக்கு" என்றால் கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்காமல் விடுவாரா?

திங்கட்கிழமைப் பத்திரிகையில் அவர் படம் வரும். மட்டையில் பட்டு நசுங்கிய பந்து, வேகவைத்த உருளைக்கிழங்கு போல ஒரு பக்கம் சப்பையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வாரமும் அதே துல்லியம். ஊரே மெச்சியது. அணியின் மேலாளர் ஆர்வில் ஸ்டெங்கர் மெச்சுவதை மட்டும் ஒருநாள் நிறுத்தினார். கெளுத்திகள் சொந்த மைதானத்திலேயே தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார்கள். பந்து எறியும் டுவெய்ன் ஓடம் வேகப்பந்து போட்டாலும் சரி, வளைபந்து போட்டாலும் சரி, எதிராளிகள் சொல்லிவைத்தாற்போல வெளுத்தார்கள்.

அன்று ஸ்டெங்கர் நேராக முக்காலிக்கு வந்தார்.

"டெல்பர்ட், பந்து எப்ப வந்து சேரும்னு உனக்கு எப்படித் தெரியுது?"

"விரலுக்குத் தெரியும் ஆர்வில். எனக்குத் தெரியாது."

"விரலா? மட்டைக்காரன் பின்னால குந்தியிருக்கிற எங்க கேட்சர் தொடையிடுக்குல விரலைக் காட்டி அடுத்த பந்து என்னன்னு ஓடத்துக்குச் சொல்றான். நீ குழாய் மாதிரி ஒரு லென்ஸை அங்கயே நீட்டிட்டு உக்காந்திருக்க. எதிர்க் கட்சிக்காரன் உன்னைப் பாத்து மட்டையைத் தூக்குறான். நான் என்ன நினைக்கணும்?"

"ஏன், கடலை விக்கிற லோரீனை நினைக்கலாமே. ஓடம் எறியப்போறப்ப மட்டும் அவ குரல் உசந்து போகுது. நான் ரொம்ப நாளா கவனிக்கிறேன்."

"அவ என் மச்சினி."

"அதனாலதான் சொல்றேன்."

ஸ்டெங்கர் சிரிக்கவில்லை. இந்த ஞாயிறு ஆட்டத்தில் லென்ஸ் கேட்சர் பக்கம் திரும்பவே கூடாது. அப்படியும் ரகசியம் கசிந்தால் பிழைத்தாய், கசியவில்லையென்றால் முக்காலி வேலிக்கு வெளியே போகும் என்றார். வேலிக்கு வெளியே என்றால் கம்பி வலை. அப்புறம் ஆயுள் முழுக்கக் கம்பி வலையைத்தான் படமெடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டெல்பர்ட் வேறு வழியின்றி ஓடத்தையே படமெடுத்தார். ஓடம் இடக்கையன், எறியும் முன் முகம் முதல் தளத்தைப் பார்த்து நிற்கும். கன்னத்தில் எப்போதும் ஒரு புகையிலை உருண்டை. எதிராளிகள் வழக்கம்போல வெளுத்தார்கள். டெல்பர்ட்டுக்குப் பாதி மானம் மீண்டது. மீதி, இருட்டறையில் படங்களைக் கழுவும்போது மீண்டது. வேகப்பந்துக்கு உருண்டை இடது கன்னத்தில். வளைபந்துக்கு முன்னால் வலது கன்னத்துக்கு மாறியிருந்தது. ஒரு முறைகூடத் தவறவில்லை. வளைபந்து ஒரு மூச்சு தாமதமாக வரும். இத்தனை கோடைகளாக அவர் விரல் காத்திருந்தது அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தான் என்பது அவருக்கே அப்போதுதான் விளங்கியது.

எதிராளிகளுக்கு எப்படித் தெரிந்தது? அதற்கும் விடை மைதானத்திலேயே தொங்கியது. வெளியூர் அணிகள் உடை மாற்றப் போகும் தாழ்வாரத்தில், அவர்களைக் கதிகலங்க வைப்பதற்காக, டெல்பர்ட் முன்பு எடுத்த ஓடத்தின் படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஸ்டெங்கர் மாட்டியிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் சிவப்புப் பெயின்ட்டில் 'வேகப்பந்து', 'வளைபந்து' என்று தன் கைப்பட எழுதியும் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்தமாட்டார்கள்.

மறுநாள் டெல்பர்ட் அவரை அந்தத் தாழ்வாரத்திலேயே நிறுத்திக் காட்டினார். ஸ்டெங்கர் கன்னம் கன்னமாகப் பார்த்துக்கொண்டு போனார். கடைசிப் படத்தில் நின்றார்.

"சரி. இது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நேத்துதான் கண்டுபிடிச்சேன்."

"நேத்துத் தெரிஞ்சவன் இத்தனை வருஷமா எப்படி ஒரு பந்தையும் விடல?"

"அது விரலுக்கு..."

"விரலைப் பத்திப் பேசாத."

ஆனாலும் ஸ்டெங்கர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்; முக்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. படங்களையும் கழற்றவில்லை. அது ஏனென்று டெல்பர்ட்டுக்கு அடுத்த ஆட்டத்தில்தான் புரிந்தது. கன்னத்தை மாற்றிப் போடும்படி ஓடத்துக்கு ரகசிய உத்தரவு போயிருந்தது. தாழ்வாரத்தில் பாடம் படித்து வந்த எதிராளிகள் வளைபந்துக்கு முந்திச் சுழற்றினார்கள், வேகப்பந்துக்குத் தூங்கினார்கள். கெளுத்திகள் ஜெயித்தார்கள்.

உத்தரவு டெல்பர்ட்டுக்குச் சொல்லப்படவில்லை. சந்தேகப் பட்டியலில் இருப்பவரிடம் யார் சொல்வார்கள்? அவர் விரலும் அதே பாடத்தைப் படித்த விரல்தானே. இனி அந்தக் கன்னத்தைப் பார்க்கவே கூடாது என்று அவர் கண்ணுக்குச் சொன்னார், கண் கேட்கவில்லை. ஃபிலிம் முழுக்க மட்டை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். பல படங்களில் பந்தே இல்லை.

ஸ்டெங்கர் முக்காலிப் பக்கம் வந்தார்.

"ஒண்ணும் சிக்கலையாமே?"

"வெளிச்சம் சரியில்ல."

"வெளிச்சமா. அப்ப இத்தனை நாளும் நீ பாத்தது கன்னத்தைத்தான். நான் சந்தேகப்பட்டது தப்பில்ல பாரு."

அந்த ஃபிலிமில் துல்லியமாக விழுந்தது ஒரே ஒரு படம்தான்: பெஞ்சில் இருந்தபடி, இவரை நம்பாத கண்ணால் லென்ஸையே முறைக்கும் ஸ்டெங்கர். வேறு வழியில்லாமல் பத்திரிகை அதையே போட்டது. ஸ்டெங்கருக்கு அது மிகவும் பிடித்துப்போய், ஆளுயரத்துக்குப் பெரிதாக்கித் தாழ்வாரத்தில் மாட்டினார். கீழே சிவப்புப் பெயின்ட்டில், 'ஓடு என்று உத்தரவிடும் மேலாளர்'.

டெல்பர்ட் அதன் முன் நெடுநேரம் நின்றார். படத்தில் ஸ்டெங்கரின் கட்டைவிரல் இடுப்புப் பட்டையின் கொக்கி மேல் இருந்தது. தளத்தில் நிற்கும் தன் ஆளை அடுத்த தளத்துக்கு ஓடும்படி ரகசியமாகச் சைகை காட்டும்போதெல்லாம் அது அங்கேதான் போகும். போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே என்பது நினைவுக்கு வர, முக்காலியைத் துடைத்துவிட்டு அதில் போய் உட்கார்ந்துகொண்டார்.