ஓர் இழை உள்ளே

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டி ஒரு தையல் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு மிஷின், ஒரு இஸ்திரி மேஜை, கிழிந்த துணிகள் குவிந்த நாலு கூடை, அவ்வளவுதான். அங்கே மதிய ஷிப்ட் பார்த்தவளுக்குச் சலவைக்காரர்கள் வைத்த பெயர் ஸ்கேல் அக்கா. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் ஸ்கேல். தலையணை உறையின் ஓரம் கால்வாசி இஞ்ச் கோணினாலும் பிரித்துத் தைப்பாள். சலவை மேஸ்திரி சுவரில் மாட்டிய காலண்டரைக்கூட ஒருநாள் அளந்து நேராக்கிவிட்டுத்தான் போனாள். மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை, அவருக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மகன் கடல் தாண்டி வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன். நீ?" "சாப்பிட்டேன்." அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் தோன்றாது. மற்ற ஆறு நாளும் அந்த ஒற்றை அறை வீட்டில் அவள் குரலை அவளே கேட்டது கிடையாது. தனியாக இருப்பது பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வாள். பழகவில்லை.

தையல் அறையிலும் தனிதான். காலை ஷிப்ட் ஒன்றரைக்கு முடியும். பிறகு தரையை மருந்துத் தண்ணீர் விட்டுத் துடைத்து, காயும்வரை கதவைச் சாத்தி வைப்பார்கள். ரெண்டு மணிக்கு இவள் உள்ளே போவாள். அதே நாற்காலியில் காலையில் உட்காருபவளை இவள் பார்த்ததே இல்லை. ஒரு ஷிப்ட்டுக்கு இன்னொரு ஷிப்ட் என்றால் ஆள் இல்லை, நேரம்தான். 'காலை' என்றே அவளை நினைத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கையில், குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு நாற்பது ஒட்டுப்போர்வை வேண்டும் என்று தலைமை நர்ஸ் சொல்லி அனுப்பினாள். பழைய விரிப்புகளில் கிழியாத இடமாகப் பார்த்துச் சதுரம் வெட்டி, வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை சேர்க்க வேண்டும். இரண்டு ஷிப்ட்டும் பங்கு போட்டுக்கொள்ளும்படி உத்தரவு. வெட்டும் சதுரம் நாலரை இஞ்ச், தைத்தபின் நாலு. தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் கால் இஞ்ச்.

கால் இஞ்ச் என்றால் அக்காவுக்குக் கால் இஞ்ச்தான். காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியை நர்ஸிடம் கேட்டு வாங்கினாள். ஊசியிலிருந்து அளந்து, மிஷினின் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கு ஒட்டினாள். சின்ன வரப்பு மாதிரி நின்றது. துணியின் ஓரத்தை அதில் உரசவிட்டால் போதும், தையல் நூல் பிடித்தாற்போல் ஓடும். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கே ஒரு நிமிஷம் பெருமை வந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.

மறுநாள் வந்து பார்த்தால், பிளாஸ்திரி நகர்ந்திருந்தது. அதிகம் இல்லை. ஊசிப் பக்கமாக ஓர் இழை. வேறு யார் கண்ணிலும் படாது. இவள் கண்ணில் படாமல் போகுமா? பிய்த்துப் பழைய இடத்தில் ஒட்டினாள். அடுத்த நாள் மறுபடி ஓர் இழை உள்ளே. இவள் வெளியே தள்ளினாள். 'காலை' அதை மறுபடி உள்ளே தள்ளினாள். மூன்று வாரம் இந்தக் கூத்து நடந்தது, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமலே.

போதாக்குறைக்கு வரிசைகள் சேரவில்லை. காலை தைத்த வரிசையும் இவள் தைத்த வரிசையும் பக்கத்தில் வைத்தால், இவளுடையது கால் இஞ்சுக்கும் மேலே குட்டையாக நின்றது. சதுரத்தின் மூலைகள் ஒன்றோடொன்று முகம் கொடுக்கவில்லை. ஒழுங்காக அளந்து ஒட்டியவள் தான், ஆகவே தப்பு காலையுடையது என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். ஒரு தாளில் "இதில் கை வைக்க வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி மிஷின்மேல் ஒட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் தாள் அப்படியே இருந்தது. பக்கத்தில் இரண்டு ஜோடித் துண்டுகள் குத்தியிருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு சதுரத்தை இணைத்து, மடிப்பை விரித்து இஸ்திரி போட்டது. ஒன்று பிளாஸ்திரியை இவள் ஒட்டிய இடத்தில் வைத்துத் தைத்தது. மற்றது ஓர் இழை உள்ளே. கீழே பென்சிலில் ஒரே வரி இருந்தது: "மடிப்பும் துணி தின்னும் அக்கா, அளந்து பாருங்க."

அளந்தாள். இவள் ஜோடி எட்டரை இஞ்சுக்குக் குறைந்தது. காலையின் ஜோடி எட்டரையில் டாண் என்று நின்றது. தையலைத் திருப்பி மடிக்கும்போது அந்த மடிப்பின் பருமன் கொஞ்சம் துணியை எடுத்துக்கொள்கிறது. வரிசைக்கு ஐந்து தையல், ஐந்து இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. கால் இஞ்சைக் கறாராக வைத்தவளுக்குத்தான் குறைகிறது. மடிப்புக்கு இடம் விட்டவளுக்குச் சரியாக வருகிறது. அக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவளை ஒருவர் திருத்தியதும் இல்லை, அக்கா என்று எழுதிக் கூப்பிட்டதும் இல்லை. தாளைக் கிழித்துப் போட மனம் வராமல் டிராயரில் வைத்தாள். பிளாஸ்திரியை ஓர் இழை உள்ளே ஒட்டினாள்.

அதன்பின் அந்த அறை வேறு அறையாகிவிட்டது. பஞ்சும் பிசுக்கும் பிடித்த பிளாஸ்திரியைப் பிய்த்து, தினமும் புதிது ஒட்டி வைத்துவிட்டுப் போவாள் காலை. பாபினில் நூல் சுற்றி வைத்திருப்பாள். இவள் பதிலுக்கு மிஷினுக்கு எண்ணெய் விட்டு, முனை மழுங்கிய ஊசியை மாற்றி வைப்பாள். ஒருநாள் கூடையில் ஒரு வரிசை கிடந்தது, மாறி மாறி வர வேண்டிய நீலச் சதுரம் மூன்றும் ஒரே பக்கம். "தூக்கக் கலக்கம், சிரிக்காதீங்க" என்று சீட்டு. அக்கா சிரித்தாள். சுவருக்குக் கேட்கும்படி சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டபோது, "எங்க காலை இருக்காளே" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பேசினாள். "யாரும்மா அது?" என்றான். "என் சிநேகிதிடா" என்றாள், சொன்னபின் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சிநேகிதியின் முகத்தைப் பார்க்க ஆசை வந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். நேரில் பார்த்தால் என்ன பேசுவது? முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற பழக்கம் தனக்கு உண்டு என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி கேட்டில் ஒரு சாம்பல் குடைக்காரி தினமும் எதிரே வருவாள். ஒரு மழை நாளில் அவள் நின்று குடையை இவள் பக்கம் சாய்த்தாள். ஊர் பேர் தெரியாதவளோடு எனக்கென்ன என்று இவள் விறுவிறுவென்று நனைந்துகொண்டே போய்விட்டாள். காலையிடமும் அப்படி ஏதாவது செய்து தொலைத்தால் என்ன ஆவது?

முப்பத்தொன்பது போர்வை முடிந்துவிட்டது. நாற்பதாவதின் கடைசி வரிசை கூடையில் காத்திருந்த நாள், கேட்டில் அந்தக் குடைக்காரி இவளைப் பார்த்து நின்றாள். சிரித்தாள். ஏதோ கேட்கப்போகிறவள் மாதிரி வாயும் திறந்தாள். அக்கா கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டு நடையை எட்டிப் போட்டாள். காலை என்ன வைத்திருக்கிறாள் என்று பார்க்கிற அவசரம் அவளுக்கு. கூடையில் வரிசை மொரமொரவென்று இஸ்திரி போட்டு இருந்தது. மூலைகள் மயிரிழை பிசகவில்லை. பாபின் இரண்டு இருக்கும் இடத்தில் எட்டு இருந்தது. இவளுக்கு என்ன கிறுக்கா, இத்தனை எதுக்கு என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே தைத்து முடித்தாள். நாளைக்கு எப்படியும் சீக்கிரம் வந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் ஒரு மணிக்கே வந்துவிட்டாள். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட உடுப்பு உடுத்தி, காலையிடம் காட்ட நாற்பதாவது போர்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு. தையல் அறை பூட்டியிருந்தது.

"மேஸ்திரி, காலை ஷிப்ட்டு அம்மா இன்னைக்கு வரலையா?"

"உங்களுக்குத் தெரியாதாக்கா? காலை ஷிப்ட்டையே எடுத்துட்டாங்க. நேத்தோட கடைசி. அவங்க மக வீட்டுக்கே போயிட்டாங்க, ராத்திரி ரயில்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நேர்ல சொல்றேன்னுதான் சொன்னாங்க. எழுதிட்டுப் போனா நல்லா இருக்காதுன்னு. உங்களை அடையாளம் காட்டினதே நான்தானே, போன வாரம். அட இவங்களான்னு சிரிச்சாங்க. தினமும் கேட்டுல எதிர்ல வருவாங்களே அக்கா, சாம்பல் குடை வெச்சுக்கிட்டு..."

மேஸ்திரி இன்னும் ஏதோ சொன்னார். அக்காவின் காதில் ஏறவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டிய கை அவள் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போன் நம்பர் ஏதாச்சும்?" என்று கடைசியில் கேட்டாள்.

"எழுதி வாங்கலையேக்கா. நீங்க வாங்கியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

மேஸ்திரி சாவியைக் கொடுத்தார். இன்று தரை துடைக்கவில்லை, காய வேண்டியதும் இல்லை. அக்கா கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். மிஷின்மேல் நேற்றைய பிளாஸ்திரி அழுக்கேறி, ஓரத்தில் பஞ்சு ஒட்டி, காலை ஒட்டிவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. யாரும் கை வைக்கவில்லை.